பிளானை மாற்றும் முன் வீட்டுக்குள் பாருங்கள்: நெட் வேகமாக வர என்ன செய்யலாம்?

நெட் மெதுவாக வருகிறது என்றதும் பெரும்பாலானோர் செய்கிற முதல் வேலை, கம்பெனிக்குப் போன் போட்டு அடுத்த பிளானுக்கு மாறுவது. 50 எம்பிபிஎஸ்ஸில் (நெட் வேகத்தின் அளவு) இருந்தவர் 100-க்குப் போவார், 100-ல் இருந்தவர் 200-க்குப் போவார். மாதாமாதம் கூடுதலாகக் கட்டுவார். ஆனால் உள் அறையில் வீடியோ பழையபடியே சுற்றிக்கொண்டிருக்கும். கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையோர ஊர்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. அடைப்பு ஓர் இடத்தில் இருக்கிறது, காசை வேறு இடத்தில் போடுகிறார்கள்.

நெட் உங்கள் கைக்கு எப்படி வருகிறது என்று ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். தெருக் கம்பத்தில் இருந்து ஃபைபர், அதாவது ஒளியைக் கொண்டுவரும் கண்ணாடி இழை வருகிறது. வீட்டுக்குள் மோடம் பெட்டியில் சேர்கிறது. அங்கிருந்து லேன் கேபிள் வழியாக ரூட்டர். இப்போது பல வீடுகளில் மோடமும் ரூட்டரும் ஒரே பெட்டிதான். ரூட்டரில் இருந்து காற்றில் வைஃபை. கடைசியில் போன், டிவி, லேப்டாப். இந்த வரிசையில் எது மிக மெதுவானதோ, அதன் வேகம்தான் உங்களுக்குக் கிடைக்கும். ஆடி அமாவாசை அன்று ராமேஸ்வரம் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மதுரையில் இருந்து வரும் சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும், பாம்பன் பாலத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு வழிதான். அன்று எத்தனை மணிக்கு ஊர் போய்ச் சேருவோம் என்பதைப் பாலம்தான் தீர்மானிக்கும். வீட்டு நெட்டிலும் அப்படி ஒரு குறுகலான இடம் இருக்கும். அதைக் கண்டுபிடித்து அகலப்படுத்துவதுதான் மேம்படுத்துவது. அதை விட்டுவிட்டு மற்ற எதை மாற்றினாலும் பலன் இருக்காது.

கண்டுபிடிப்பது எளிது. லேப்டாப் ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், இரவலாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டில் மற்ற போன்களின் வைஃபையை அணைத்துவிட்டு, லேப்டாப்பை லேன் கேபிளால் நேராகப் பெட்டியில் சொருகி ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். அப்புறம் கேபிளைக் கழற்றிவிட்டு, பெட்டிக்கு ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்து வைஃபையில் ஓட்டுங்கள். பிறகு வழக்கமாக நெட் இழுக்கிற அறைக்குப் போய் ஒன்று, மாடியில் ஒன்று. எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கேபிளிலேயே வேகம் குறைவு என்றால் சிக்கல் வெளியில் இருந்து வரும் லைனிலோ பெட்டியிலோ கேபிளிலோ இருக்கிறது. கேபிளில் சரி, பக்கத்திலும் சரி, உள் அறையில் மட்டும் படுத்துவிடுகிறது என்றால் சிக்கல் சுவரில். காலையில் நன்றாக வந்து ராத்திரி 9 மணிக்குக் கேபிளிலேயே விழுந்தால் அது கம்பெனிப் பக்கத்து நெரிசல். நம் பக்கம் அதிகம் பயன்படும் ஃபைபர் முறையில் ஏறக்குறைய 2,500 எம்பிபிஎஸ் கொண்ட ஒரே இழையை 32, 64 வீடுகள் என்று பங்கு போட்டுக்கொள்கின்றன. இந்த நெரிசலை எவ்வளவு விலை உயர்ந்த ரூட்டர் வாங்கினாலும் தீர்க்க முடியாது. தேதி, நேரம், அளவு மூன்றையும் எழுதி வைத்துப் புகார் கொடுப்பதுதான் வழி.

இங்கே ஒரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிளானில் சொல்வது மெகா பிட், போனில் படம் இறங்கும்போது காட்டுவது மெகா பைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் லைனில் வினாடிக்கு 12.5 மெகா பைட்தான் இறங்கும். 1 ஜிபி படத்துக்கு 80 வினாடி. ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகும் முன் எட்டால் வகுத்துப் பாருங்கள். அதே போல எவ்வளவு தேவை என்பதையும் நிதானமாக யோசியுங்கள். தெளிவான எச்டி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே என்றால் 15 முதல் 25 வரை. வீடியோ கால் ஒன்றுக்கு இரண்டு மூன்று. ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் ஒழுங்காகக் கையில் கிடைத்தால் தாராளம்.

94-ல் நின்றுவிடும் வேகம்

200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறீர்கள். கேபிளில் டெஸ்ட் ஓட்டினால் 93, 94 என்று வந்து, எத்தனை முறை ஓட்டினாலும் அதைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. இந்த எண்ணைப் பார்த்தால் உடனே கேபிள் பக்கம் திரும்புங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில், தரவோடு கூடவே போகும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்களுக்கான இடம் போக மிஞ்சுவது ஏறக்குறைய இவ்வளவுதான். எங்கோ ஓர் இடத்தில் இணைப்பு 1000-க்குப் பதில் 100-ல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு இரண்டு காரணம் இருக்கும். பழைய அல்லது விலை மலிவான ரூட்டர்களில் லேன் துளையே 100 வேகம்தான். அப்படியானால் பெட்டியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. இரண்டாவது காரணம்தான் நம் ஊருக்கே உரியது. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடியாக இருக்கும். 100 வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1000 வேகத்துக்கு நாலு ஜோடியும் வேலை செய்ய வேண்டும். ஏதாவது ஒரு கம்பி சரியாகத் தொடவில்லை என்றால், பல பெட்டிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வந்துகொண்டுதான் இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

அந்தக் கனெக்டரைக் கழற்றி போன் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்குக்குள் எட்டுச் சின்னத் தகடுகள் வரிசையாகத் தெரியும். புதிதாக இருக்கும்போது தங்க நிறத்தில் மினுங்கும். கடற்கரையில் இருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டில்கூட, ஜன்னலோரம் கிடந்த கனெக்டரில் ஒன்றிரண்டு தகடுகள் மங்கிக் கறுத்திருக்கும், அல்லது அடியில் பச்சையாகப் பூத்திருக்கும். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்ற அடையாளம் அது. கத்தியால் சுரண்டாதீர்கள். மேலே இருக்கும் மெல்லிய தங்கப் பூச்சும் போய், அடுத்த மாதமே இன்னும் மோசமாகும். கேபிளின் முனையை இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் அடிக்கச் சொல்லுங்கள். கனெக்டருக்குச் சில ரூபாய்தான். அதனால்தான் கேபிள் இழுக்கும்போதே இரண்டு முனையிலும் ஒரு முழம் மிச்சம் விடச் சொல்கிறேன். பெட்டியிலும் காலியாக இருக்கும் லேன் துளைகளைச் சின்ன ரப்பர் மூடி போட்டு மூடி வைப்பது நல்லது.

கேபிளைப் பற்றி இன்னொன்று. கடையில் ‘கேட் 6’ என்ற தரக் குறியீட்டை அச்சடித்து மலிவாகக் கிடைக்கிற கேபிள்களில் கணிசமானவை அலுமினியக் கம்பியின் மேல் செம்பு முலாம் பூசியவை. சோதிக்க ஒரு வழி: ஒரு கம்பியை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருந்தால் முழுச் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நாலு முறை வளைத்தாலே ஒடிந்துவிடும், உப்புக்காற்றில் சீக்கிரம் பொரிந்துபோகும். முழுச் செம்பில் ‘கேட் 5இ’ வாங்கினாலே 100 மீட்டர் தூரம் வரை 1000 எம்பிபிஎஸ் தாங்கும். அலுமினிய கேட் 6-ஐ விட அது பல மடங்கு மேல்.

சுவர், தண்ணீர், தகரம்

கீழக்கரையில் ஒரு லாத்தா (அக்கா) வீட்டில் கேட்டது: “துபாயிலேர்ந்து மகன் பேசினா முகம் கட்டம் கட்டமா உடையுது தம்பி, வாசலுக்கு வந்தாத்தான் நல்லாத் தெரியுது. வாசல்ல உக்காந்து எப்படிப் பேசுறது?” வைஃபையின் பாதிப் பாடம் இந்தக் கேள்வியில் இருக்கிறது. ஃபைபர் இழுத்து வந்தவர், வாசல் பக்கம் எங்கே பிளக் பாயிண்ட் இருந்ததோ அங்கே பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். லாத்தா பேசுவது நாலு கட்டுச் சுவர் தாண்டி உள் அறையில். பழைய வீடு, ஒவ்வொரு சுவரும் ஒன்றரை அடி கனம்.

ரூட்டர் இரண்டு அலைவரிசையில் பேசுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு. ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் பக்கத்து வீட்டுக்காரர்களின் ரூட்டர்களும் அதே இடத்தில்தான் நெருக்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் நல்ல வேகம், நெரிசல் குறைவு, ஆனால் கனமான சுவர் இரண்டு வந்தால் சோர்ந்துவிடும். டிவியும் லேப்டாப்பும் ரூட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால் 5-ல் போடுங்கள். தூரத்து அறைக்கு 2.4. அதில் சேனல் எண் கேட்டால் 1, 6, 11 மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இவை மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. 5-ல் 36 முதல் 48 வரை உள்ள சேனல்கள் பாதுகாப்பு. 52 முதல் 144 வரை உள்ளவற்றை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், ரேடார் அலை தெரிந்தால் ரூட்டர் அந்தச் சேனலை விட்டு விலகியே ஆக வேண்டும் என்பது விதி. மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் என்று இருக்கும் நம் கரையில் அந்தச் சேனல்களைத் தவிர்த்துவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

காசே செலவழிக்காமல் செய்யக்கூடியது இடம் மாற்றுவது. வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் பெட்டியை வையுங்கள். இரும்பு பீரோவின் பக்கத்திலும், டிவிக்குப் பின்னாலும், பெரிய கண்ணாடிக்கு எதிரிலும் வேண்டாம். தகரக் கூரை போட்ட அறைக்குள் வெளியில் இருந்து அலை வருவது மிகவும் சிரமம். நம் மாவட்டத்தில் இன்னொரு தடை தண்ணீர். குடிதண்ணீர்த் தட்டுப்பாட்டால் வீட்டுக்கு வீடு டிரம்களும் குடங்களும் வரிசையாக நிற்கும். வைஃபை அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ரூட்டருக்கும் படுக்கையறைக்கும் நடுவில் 200 லிட்டர் டிரம் இரண்டு நின்றால், அதுவே ஒரு சுவர். டிரம் நிறைந்திருக்கும் நாளில் நெட் படுத்து, காலியானதும் எழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இடம் மாற்றியும் போதவில்லை என்றால் இன்னொரு பெட்டி தேவை. இங்கேதான் அதிகம் பேர் தவறான பொருளை வாங்குகிறார்கள். பிளக்கில் சொருகும் சின்ன ரிப்பீட்டர், ரூட்டரின் அலையைக் காற்றில் வாங்கி மறுபடி காற்றிலேயே விடுகிறது. வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதையும் அலை ஏற்கெனவே செத்துப்போன அறையிலேயே கொண்டுபோய்ச் சொருகுகிறார்கள். செத்த அலையை வாங்கிச் செத்த அலையைத்தான் அது கொடுக்கும். மெஷ் என்று விற்கும், ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் இரட்டைப் பெட்டிகள் இதைவிடப் பல மடங்கு மேல், ஆனால் ஒன்றரை அடிச் சுவருக்கு முன்னால் அவையும் திணறும்.

நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான்: ஒரு கேபிள் இழுங்கள். வாசல் பெட்டியில் இருந்து உள் அறை வரை முழுச் செம்புக் கேபிள் ஒன்று, அதன் முனையில் இரண்டாவது ரூட்டர். சுவரைக் கேபிள் தாண்டிவிடும், கடைசி அறைக்குள் மட்டும் வைஃபை வேலை செய்தால் போதும். இதற்குப் புது ரூட்டர்கூடத் தேவையில்லை. பரணில் கிடக்கும் பழைய ரூட்டர் போதும். அதன் அமைப்புப் பக்கத்தில் போய் ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வேலையை அணையுங்கள், அந்த வேலையை முதல் ரூட்டர் மட்டும்தான் பார்க்க வேண்டும். அதன் சொந்த முகவரியை முதல் ரூட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள். உதாரணமாக முதலாவது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம், ஆனால் அந்த எண்ணை முதல் ரூட்டர் வேறு எந்த போனுக்கும் கொடுக்காதபடி அதன் பட்டியலில் இருந்து விலக்கி வையுங்கள். கேபிளை ‘வான்’ (WAN) என்று எழுதிய துளையில் போடாமல் லேன் துளையில் போடுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். நடந்து போகும்போது போன் தானாக அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். லாத்தா வீட்டில் செய்ததும் இதுதான். இப்போது உள் அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு பேசுகிறார்.

மாடி வழியாகவோ வெளிச்சுவர் வழியாகவோ கேபிள் போனால், வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை கொண்ட வெளிப்புறக் கேபிள் வாங்குங்கள். சாதாரணச் சாம்பல் நிறக் கேபிள் நம் வெயிலில் வெடித்துவிடும். வீட்டுக்குள் நுழையும் துளைக்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். கட்டும் கிளிப்பும் ஆணியும் துருப்பிடிக்காத எஃகு அல்லது பிளாஸ்டிக். இரண்டு வீட்டு மாடிகளுக்கு நடுவே மட்டும் செம்புக் கேபிள் கட்டாதீர்கள். ஐப்பசி கார்த்திகை இடியில் இரண்டு பக்கப் பெட்டிகளும் சேர்ந்து போய்விடும். அந்த இடத்துக்கு, உலோகக் கம்பி சேராத ஃபைபரும் இரு முனையிலும் மாற்றுப் பெட்டியும்தான் சரி.

ஃபைபர் பக்கம் நாம் செய்யக்கூடியது குறைவு, செய்யக்கூடாதது அதிகம். பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவு என்று ஓர் எண் இருக்கும், டிபிஎம் கணக்கில். மைனஸ் 15-ல் இருந்து மைனஸ் 25-க்குள் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் அடிக்கடி விட்டு விட்டு வரும். ஆனி ஆடிக் கச்சான் காற்றில் கம்பத்துக்குக் கம்பம் ஆடிக்கொண்டே இருக்கிற வயரில் இணைப்பு தளர்ந்து இப்படி ஆவதுண்டு. வீட்டுக்குள்ளேயே கெடுப்பதும் உண்டு. மிச்ச வயரை இறுக்கிச் சுருட்டி ஆணியில் தொங்கவிட்டிருப்பார்கள். இறுக்கமான வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல் வட்டமாகத் தளர்த்தி விடுங்கள். முனையைக் கழற்றினால் கையால் தொடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், அதற்குள் கண்ணை வைத்தும் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.

வெளிநாட்டுக்கு வீடியோ கால் பேசும் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதை ஸ்பீடு டெஸ்ட் காட்டாது. எண் நன்றாக இருக்கும், ஆனால் ராத்திரி பேசும்போது மட்டும் குரல் நிற்கும், தடுமாறும். அந்த நேரத்தில் யாரோ ஒருவரின் போன், பகலில் எடுத்த போட்டோக்களையும் வீடியோக்களையும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். ஏற்றும் பாதை நிறைந்ததும் குரல் துணுக்குகள் பெட்டிக்குள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் காலுக்குத் தடை இருப்பதால் போட்டிம் போன்ற செயலிகளில் பேசுகிறார்கள், எதில் பேசினாலும் இந்தத் தாமதம் ஒன்றுதான். போட்டோ ஏற்றத்தை நள்ளிரவுக்கு மாற்றிவிடலாம். ரூட்டரில் எதற்கு எவ்வளவு வேகம் என்று பங்கிட்டுத் தரும் க்யூஓஎஸ் என்ற வசதி இருந்தால், ஏற்றும் வேகத்தை உங்கள் லைன் தருவதில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பதால் குரல் நிற்காமல் போகும்.

புது ரூட்டர் வாங்கியே ஆக வேண்டும் என்றால் வைஃபை 6, இரண்டு அலைவரிசை, எல்லா லேன் துளையும் 1000 வேகம், இந்த மூன்றையும் பெட்டி அட்டையில் பார்த்து வாங்குங்கள். நிறைய போன்கள் ஒரே நேரத்தில் இழுக்கும் வீட்டுக்கு வைஃபை 6 உண்மையாகவே உதவும். ஆனால் 2.4 மட்டும் தெரிந்த பழைய போனுக்கு எந்த ரூட்டரும் புது வேகம் தராது. எட்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பாஸ்வேர்டை வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள், மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் போடுங்கள். கரண்ட் போகும்போதும் நெட் வேண்டுமென்றால் ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறது. வாங்கும் முன் உங்கள் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதும் அதே இடங்களில் மறுபடி டெஸ்ட் ஓட்டி அதே தாளில் எழுதுங்கள். எது பலன் கொடுத்தது என்று அப்போதுதான் தெரியும். இவ்வளவும் செய்த பிறகு, கேபிளில் பிளானின் முழு வேகமும் வருகிறது, உள் அறையிலும் அதை ஒட்டி வருகிறது, ஆனாலும் ஒரே நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்தால் போதவில்லை என்றால், பெரிய பிளானுக்கு அப்போது தாராளமாகப் போன் போடலாம்.